கல்லுக்குள் இருந்த பிசிறு

கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சாம்பிள் பாலிஷிங் என்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள். படிப்பு எட்டாவது. இரும்புத் துண்டைத் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கி லேபுக்கு அனுப்புவேன். பெரிய கம்பெனி இன்ஜினியர்களே என் பெஞ்ச் பக்கத்தில் கைகட்டி நின்றிருக்கிறார்கள்.

ஒரு நாள் பொன்னேரியிலிருந்து வனிதா என்ற கல்லூரி ஆசிரியை வந்தார். கையில் நெல்லிக்காய் அளவில் ஒரு கல் உருண்டை. வடக்கே மலையில் கிடைத்ததாம். ஒரு காலத்தில் பழமாக இருந்து கல்லாகிப்போனது.

"பிளேன்னு குளிர்நாட்டு மரம் ஒண்ணு, அதோட பழம்னு நெனைக்கிறேன் ஐயா. ஆனா வெளியில பார்த்தா வேற சில காயும் இப்படித்தான் இருக்கும். அறுத்தாதான் உறுதியாச் சொல்லலாம். கிடைச்சது ரெண்டு. ஒண்ணு எங்க காலேஜ் மெஷின்ல தூளாயிடுச்சு. இதுதான் மிச்சம். உள்ள என்ன பார்க்கணும்னா..."

"நீ இன்னாத்துக்கும்மா கவலப்பட்ற? கல்லு என்னாண்ட வந்துடுச்சு இல்ல? சாயந்தரம் வா," என்றேன். முழுதாகப் பேசவிடவில்லை.

உருண்டையை ரெசின் பசையில் பதித்து இறுகவிட்டு, வைர பிளேடில் நிதானமாக இரண்டாக அறுத்தேன். ஒரு பொட்டுகூடச் சிதறவில்லை. நடுவில் ஒரு குமிழ். அதைச் சுற்றிலும் குடைக்கம்பி மாதிரி விதைகள். விதைகளின் அடியில் மட்டும் மெல்லிசாகக் கோடு கோடாக இருந்தது. பிசிறு! பிசிறை விட்டுவைத்தால் எனக்குத் தூக்கம் வராது. முதல் பாதியை இன்னும் நாலு உப்புத்தாள் மாற்றித் தேய்த்தேன். கோடு போனது. கல் பளபளத்தது.

பக்கத்து லேத் தாஸ் எட்டிப் பார்த்தான். "இன்னாண்ணே, இதப் பாத்து தல வாரிக்கலாம் போலக்கீதே!"

இரண்டாம் பாதியைக் கையில் எடுக்கும்போது வனிதா வந்துவிட்டார். தேய்த்த பாதியை லென்ஸில் பார்த்தார். முகம் வாடியது.

"விதைக்கு அடியில முடி மாதிரி எதுவும் இல்லையா ஐயா?"

இன்னொரு பாதி என் உள்ளங்கைக்குள் இருந்தது. மெஷினில் இரண்டு இழுப்பு இழுத்தால் என் தப்பும் சேர்ந்து போய்விடும்.

"இருந்துச்சு கண்ணு. பிசிறுன்னு நெனச்சு நான்தான் தேச்சுட்டேன். இந்தா, இதுல இன்னும் கீது."

அதைப் பார்த்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"பிளேன் பழம்தான் ஐயா! இந்த முடிதான் விதையைக் காத்துல தூக்கிட்டுப் போகும். இதோட ரொம்பப் பழைய சொந்தக்கார மரங்களுக்கு இந்த முடி கிடையாது. இப்ப இந்த மரம் ஆத்தோரமா வளருது. அப்போ அந்த வறண்ட மலையிலயும் ஆறு ஓடியிருக்கலாம்!"

ஓர் ஆற்றையே தேய்த்துத் துடைக்கப் பார்த்திருக்கிறேன்.

இப்போது யார் எதைக் கொண்டுவந்தாலும், "இதுல இன்னா பாக்கப்போறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் மெஷினைப் போடுகிறேன்.

"அண்ணனுக்குக் காது கேக்க ஆரம்பிச்சிடுச்சு," என்கிறான் தாஸ்.

நாற்பது வருஷத்தில் என் வேலையை யாரும் குறை சொன்னதில்லை. வனிதாவும் சொல்லவில்லை. அதனால்தான் நானே எழுதிவைக்கிறேன்.