ஏறிய விமானத்திலிருந்து இறங்கியவன்

சீனாவில் மருத்துவம் படித்த மகளின் பட்டமளிப்பு விழாவுக்கு டிக்கெட் எடுத்த அன்றே, அந்த விமான நிறுவனத்தின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். ஏதோ ஒரு மாகாணத்து நிறுவனம். நம்மில் பலருக்குப் பெயரே தெரியாது. ஆனால் அவள் படித்த ஊருக்கு நேராகப் போவது அது ஒன்றுதான். என் மனைவி கேட்டதும் ஒரே கேள்விதான்: "நல்ல பிளேன்தானாங்க?" ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே!

பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் தினமும் அதே படிப்பு. உள்நாட்டிலேயே செய்த சின்னக் காற்றாடி விமானங்களை வைத்துக்கொண்டு, மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர்களுக்கு ஆள் ஏற்றி இறக்கித் தொடங்கியிருக்கிறார்கள். பிறகு பிரேசிலில் செய்த சிறிய ஜெட்டுகள். அவற்றையும் விற்றுவிட்டு ஐரோப்பிய விமானங்கள். எந்த ரகத்தில் எந்த இன்ஜின், இறக்கை நுனி எதற்காக மேலே வளைந்திருக்கிறது, எல்லாம் எனக்கு அத்துப்படி.

கிள்ளானில் மனைவியின் தம்பி வீட்டு விருந்தில் இதையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். "சீனாக்காரன் பிளேனா மச்சான்? பாத்து லா" என்று அவன் ஒரு வார்த்தைதான் சொன்னான். சாப்பிட்ட கை காயக் காய அவனுக்குப் பாடம் நடத்தினேன். என் மனைவி பெருமையோடு, "இவருக்கு எல்லாம் தெரியும்" என்றாள். அந்தப் பெருமையை வெட்கமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நான் அதுவரை விமானம் ஏறியதே இல்லை. பினாங்குக்குப் பேருந்து, லங்காவிக்குப் பேருந்தும் படகும். கேட்டால் செலவு மிச்சம் என்பேன். உண்மையில் பயம். படித்தால் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். நான் படித்துப் படித்து, என் மனைவியின் பயம்தான் தெளிந்தது.

படித்த அதே ரக விமானம்தான் வந்தது. ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டேன். கதவை மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"என்னங்க?"

"நான் எறங்கணும்."

பணிப்பெண் ஓடி வந்து, உடம்பு சரியில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் கதவைக் கைகாட்டினேன். பக்கத்து இருக்கையில் நம்மூர்ச் சீன ஆன்டி ஒருவர் இருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தாக்கோட் கா?" என்று மலாயில் கேட்டார். பயமா என்று. தலையாட்டினேன். அதை அவர் உரக்க சீனத்தில் மொழிபெயர்த்தார். முன்வரிசைகளில் தலைகள் திரும்பின. உதவத்தான் செய்தார், பாவம். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அதோடு முடியவில்லை. நான் இறங்கினால் என் பெயரில் போட்ட பெட்டியும் இறங்க வேண்டுமாம். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே பெட்டி. அதைத் தேடி எடுக்கும்வரை விமானம் முழுவதும் எனக்காகக் காத்துக் கிடந்தது. ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

என் மனைவி என்னைத் திட்டவே இல்லை. "நீங்க சொன்னத நம்பித்தான் ஏறுனேன்" என்றாள், குரலை உயர்த்தாமல். "நீங்க எறங்குங்க. புள்ள அங்க தனியா நிக்கக்கூடாது. நான் போறேன்." கிள்ளானுக்குக்கூடத் தனியாகப் போகாதவள்.

சுங்கை வே வீட்டில் பெட்டியைத் திறந்தேன். விழாவுக்கென்று வாங்கிய பட்டுச்சேலை, மகளுக்குச் சுட்ட முறுக்கு, என் கோட்டு. எல்லாம் என்னோடு பத்திரமாக வீடு வந்து சேர்ந்திருந்தன. மறுநாள் வந்த படத்தில், பட்டமளிப்பு அங்கி போட்ட மகளுக்குப் பக்கத்தில், விமானத்தில் கசங்கிய அதே சுடிதாரோடு என் மனைவி சிரித்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் மகளே அழைத்தாள்.

"அப்பா, காய்ச்சல் எப்படி இருக்கு?"

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. அவள் அம்மா என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"இப்ப பரவால்லம்மா."

அவள் விடவில்லை. எப்போது ஆரம்பித்தது, தொண்டை வலிக்கிறதா, குளிர் இருக்கிறதா, உடம்பில் தடிப்பு ஏதாவது தெரிகிறதா என்று, கற்றுக்கொடுத்த முறைப்படி ஒவ்வொன்றாக நிதானமாகக் கேட்டாள். நானும் ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னேன். நடுவில் இருமியும் காட்டினேன்.

"தண்ணி நெறைய குடிங்கப்பா. நான் வந்ததும் செக் பண்றேன்" என்றாள்.

டாக்டரான அன்றைக்கே என் மகள் பார்த்த முதல் நோயாளி நான்தான். அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் பொய்தான் சொன்னேன்.