படையலுக்கு முந்தின அதிரசம்

சௌந்தரவல்லியைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாவற்றையும் சொன்னார்கள். கோட்டுச்சேரியில் எவ்வளவு நிலம், அதில் வாய்க்கால் பாயாதது எவ்வளவு, மாப்பிள்ளை திருஞானசம்பந்தத்துக்கு மின்துறையில் என்ன வேலை, மாமியாராகப் போகிறவருக்கு லேசாகச் சர்க்கரை என்பதுவரை சொன்னார்கள். அந்த வீட்டில் தீபாவளி கிடையாது என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. வருஷக்கணக்காகக் கொண்டாடாத பண்டிகை அவர்கள் நினைப்பிலேயே இல்லை, அவ்வளவுதான்.

தலை தீபாவளி அம்பகரத்தூரில் பிறந்த வீட்டிலேயே தடபுடலாக நடந்ததால் முதல் வருஷம் அவளுக்கும் விஷயம் தெரியவில்லை. அடுத்த வருஷம் பண்டிகை நெருங்கும்போது அவளாகவே பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் போவதற்குள் இடித்து, வெல்லப் பாகு காய்ச்சி, ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டு அதிரச மாவு கிளறிவிட்டாள். அம்பகரத்தூர்ப் பெண்ணின் கைப்பக்குவம் என்னவென்று இந்த வீட்டுக்கும் தெரியட்டுமே என்று கொஞ்சம் கர்வமும் இருந்தது. மாமியார் கமலாம்பாள் பானையின் துணியை விலக்கிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இந்த வீட்டுல தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கிறதில்லம்மா. சிவநாதன் போன நாளு அது."

சிவநாதன் திருஞானசம்பந்தத்தின் அண்ணன். இருபது வயது. தீபாவளியன்று இருட்டோடு எழுந்து, எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வெந்நீர் போட வேண்டுமே என்று கொல்லையில் கிடந்த தென்னை மட்டைகளை இழுக்கப் போனான். மழைக்கு மட்டைக்குள் ஒதுங்கியிருந்த பாம்பு கையில் கொத்திவிட்டது. காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு வண்டி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. விடிகாலை நாலு மணி இருக்கும் என்பார்கள்.

பண்டிகை நாளில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் அந்தப் பண்டிகை நின்றுவிடும். அதே பண்டிகை நாளில் அங்கே ஒரு பிள்ளை பிறந்தால், அல்லது தொழுவத்தில் ஒரு கன்று விழுந்தால், அப்போதுதான் திரும்பி வரும். இதை எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. ஆனால் கோட்டுச்சேரியில் இதை மீறின குடும்பம் ஒன்றைக் காட்டச் சொன்னால் காட்ட ஆளில்லை. திருஞானசம்பந்தம் வீட்டுப் பசுக்களோ தைப் பொங்கலுக்குக் கன்று போட்டன, சித்திரையில் போட்டன, ஐப்பசிப் பக்கம் மட்டும் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. சௌந்தரவல்லியின் ஒரே பிள்ளை அஷ்வின், பிறந்ததே பிறந்தான், ஆடியில் பிறந்தான்.

கிளறின மாவை அன்றைக்கு என்ன செய்வது? கொட்ட மனம் வரவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் அனெத் வீடு. அனெத்தின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். கிறிஸ்தவக் குடும்பம், பிரெஞ்சுக் குடியுரிமை, பேச்சு மட்டும் சுத்தமான கோட்டுச்சேரிப் பேச்சு. மதிலோரம் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த புது மருமகளைப் பார்த்து அனெத் கையை நீட்டினாள்.

"இதுக்குப் போயா அழுவுற? எங்க வூட்டு அடுப்புக்கு என்ன தடை இருக்கு? குடு இங்க."

தீபாவளியன்று காலையில் மூடி போட்ட தட்டில் அதிரசம் மதில் தாண்டி வந்தது. எண்ணெய்ச் சட்டி வைக்கத்தான் தடை. அக்கம்பக்கத்தார் கொடுப்பதை வாங்கித் தின்ன ஒரு தடையும் இல்லை. மாவு இந்த வீடு, எண்ணெய் அந்த வீடு என்ற ஏற்பாடு அன்றைக்குத் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. திருஞானசம்பந்தம் எல்லாம் தெரிந்தும் தெரியாதவர் மாதிரி, "அட, அனெத் அக்கா குடுத்தாங்களா?" என்று வருஷா வருஷம் கேட்டுவிட்டு நாலைந்து உள்ளே தள்ளுவார். கமலாம்பாள் மட்டும் தொட மாட்டார். "எனக்குச் சர்க்கரை" என்று தட்டைத் தள்ளிவைத்துவிடுவார். அதே கமலாம்பாள் கிறிஸ்துமஸுக்கு அனெத் கொடுக்கும் கேக்கில் இரண்டு துண்டு தின்பார், அப்போது சர்க்கரை எங்கே போகும் என்று சௌந்தரவல்லி மனசுக்குள் கறுவிக்கொள்வாள்.

பண்டிகை இல்லாத வீடு என்று ஊருக்கே தெரியும் என்பதால் எல்லார் வீட்டுப் பலகாரமும் அவர்கள் வீட்டுக்கு வந்தது. சௌந்தரவல்லிக்குக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வரிப் பிரிவில் வேலை கிடைத்த பிறகு காரைக்கால்காரர்களும் டப்பா டப்பாவாகக் கொடுத்தார்கள். வாங்கித் தின்றே அவள் பலகாரத்தின் பூர்வோத்தரம் அறிந்தவளானாள். யார் வீட்டு முறுக்கில் உளுந்து கம்மி என்பது தெரியும். மிளகாய் கப்பலேறி வருவதற்கு முன்னால் காராபூந்திக்கு என்ன உறைப்பு இருந்திருக்கும் என்று யோசித்து, மிளகாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டியிருந்தாள். ரம்ஜான் பெருநாளைக்கு நாகூர் மீரான் கடையிலிருந்து வட்டிலப்பம் வரும். முட்டையும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்து அவிந்த அந்தப் பண்டத்தை, கடல் தாண்டிப் பிழைக்கப் போன தன் பாட்டன் பூட்டன்மார் சிலோனிலோ மலாயாவிலோ தின்றுவிட்டு வந்து இங்கே பழக்கியதாக மீரான் சொல்வார். அனெத்தின் கிறிஸ்துமஸ் கேக்கின் பெயர் விவிக்கம். மைதா இல்லை, ரவை. ரம்மில் ஊறின திராட்சை, முந்திரி, நிறைய வெண்ணெய். "நொயேலுக்கு, அதான் கிறிஸ்துமஸுக்கு, கேக்கு வேணும்னு பிரான்சுக்காரன் கேட்டான், நம்மகிட்ட இருந்தது ரவைதான, போட்டுட்டோம்" என்பது அனெத் சொல்லும் வரலாறு. அதிரசத்தைப் பற்றி அஷ்வின் ஒருநாள் செல்போனில் படித்துச் சொன்னான். பழைய கோயில் கல்வெட்டிலேயே சாமிக்கு அதிரசம் படைத்த கணக்கு இருக்கிறதாம். சாமிக்கே அத்தனை காலமாகக் கிடைக்கிறது, தன் அடுப்பில் ஒரு நாள் வேக மாட்டேனென்கிறதே என்று சௌந்தரவல்லிக்கு எரிச்சலாக வந்தது.

அவளுக்கு ஆசை பெரிதாக ஒன்றும் இல்லை. தீபாவளியன்று தன் வீட்டு அடுப்பில், தன் கையால், ஓர் ஈடு அதிரசம் சுட வேண்டும். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் வீட்டு வழக்கம் போகவில்லை. கடைசிப் பசுவையும் விற்றாயிற்று. இனி நடக்காது என்று ஆசையை ஒதுக்கிவைத்திருந்த நேரத்தில்தான் அஷ்வின் மனைவி சிவப்ரியாவுக்கு ஐப்பசியில் பிரசவ நாள் குறித்தார்கள்.

சிவப்ரியா பிரசவத்துக்குக் காரைக்கால் டவுனில் தாய் வீட்டில் இருந்தாள். குழந்தை தலை திரும்பவில்லை, ஆப்பரேஷன்தான், தீபாவளியை ஒட்டி ஒரு நாள் நீங்களே சொல்லுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் திருஞானசம்பந்தம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? தீபாவளி அன்னிக்கே வச்சிடச் சொல்லு. பண்டிகை தானா திரும்பிடும்."

அஷ்வின் அம்மாவைப் பார்த்தான். போனில் ஸ்பீக்கரில் இருந்த சிவப்ரியா, "நீங்க சொல்ற நாள்தான் அத்தை. எனக்கு எல்லா நாளும் ஒண்ணுதான்" என்றாள். குரல் அப்படிச் சொல்லவில்லை. பயந்திருந்தாள்.

சௌந்தரவல்லிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாணலியும் எண்ணெயும் கண்ணுக்குள்ளேயே வந்துவிட்டன. கூடவே இன்னொன்றும் வந்தது. பண்டிகை நாளில் ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் லீவு. ஏடாகூடமாக ஏதாவது ஆனால், ஒரு வாணலி வைப்பதற்காக இந்தப் பெண்ணை அறுக்கச் சொன்னவள் என்ற பெயர் வேறு யாருக்கு வரும்?

"டாக்டருக்கு எந்த நாள் வசதியோ அந்த நாள் வைக்கட்டும்" என்றாள். "பலகாரத்துக்காக யாரும் பிள்ள பெத்துக்க வேணாம்."

தீபாவளி கழிந்து மூன்றாம் நாள் என்று முடிவானது. சொல்லிவிட்டு அவள் கொல்லைப் பக்கம் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பவும் தேய்த்தாள். பெருந்தன்மையாகப் பேசிவிட்டோம் என்ற நிம்மதியெல்லாம் வரவில்லை. வயிற்றெரிச்சல்தான் வந்தது. வழக்கம்போல மாவு கிளறி, வழக்கம்போல அனெத் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பிறக்க இருந்த ஜீவன் இதையெல்லாம் கேட்கவில்லை. தீபாவளிக்கு முந்தின இரவே சிவப்ரியாவுக்கு வலி எடுத்து, அவசரமாக ஆப்பரேஷன் செய்து, விடிகாலை மூன்றே முக்காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. காரைக்காலில் முதல் வெடிச் சத்தம் கேட்டபோது சௌந்தரவல்லி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பேத்திக்காகப் பாதி, அதிரசத்துக்காகப் பாதி என்று பிறகு அவளே சொன்னாள்.

விடிந்ததும் நாத்தனார் சந்திரலேகா வந்தாள். திருஞானசம்பந்தத்தின் தங்கை. டவுனிலேயே வாழ்க்கைப்பட்டவள். குழந்தையைப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வராந்தாவுக்கு வந்ததும் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்:

"பண்டிக வந்துட்டதா நெனச்சிக்காதீங்க. நம்ம கணக்குல நாளுன்னா சூரியன் உதிச்சாத்தான். மூணே முக்காலுங்கிறது நேத்துக் கணக்கு."

பஞ்சாங்கப்படி அது சரிதானே என்று திருஞானசம்பந்தம் தலையை ஆட்டினார். மனுஷனுக்கு எப்போதுமே கடைசியாகப் பேசினவர் சொல்வதுதான் சரி.

சௌந்தரவல்லி பெஞ்சிலிருந்து எழுந்தாள். இத்தனை வருஷத்தில் நாத்தனாரிடம் அவள் குரல் உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

"சந்திரா, உன் பெரியண்ணன் போனது எத்தன மணிக்கு?"

"நாலு மணிக்கு. ஏன் அண்ணி?"

"அன்னிக்கு மட்டும் சூரியன் சீக்கிரமா உதிச்சிருந்துச்சா? செத்ததுக்கு நாலு மணி தீபாவளின்னா, பொறந்ததுக்கு மூணே முக்காலும் தீபாவளிதான்."

சந்திரலேகா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் நீர் நிறைந்ததைப் பார்த்த பிறகுதான், இவள் சூரியனுக்காக வாதாடவில்லை, அந்த வீட்டில் எண்ணெய் காய்ந்தால் அண்ணனை மறந்ததாகிவிடும் என்றுதான் தடுக்கிறாள் என்பது சௌந்தரவல்லிக்கு உறைத்தது. கோபம் இறங்கிவிட்டது. முடிவு மட்டும் மாறவில்லை.

"நீயும் வா வீட்டுக்கு" என்றாள்.

கோட்டுச்சேரியில் அனெத் அப்போதுதான் வாணலியைத் துடைத்து அடுப்பில் ஏற்றியிருந்தாள். சேதி கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு, மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முதல்முறையாக அதை எதிர்த் திசையில் கொண்டுவந்தாள். முழங்கால் வலியோடு சௌந்தரவல்லியின் சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்தும்விட்டாள்.

வாழையிலையில் எண்ணெய் தடவி, மாவைத் தட்டி, முதல் அதிரசத்தை வாணலியில் விட்டாள் சௌந்தரவல்லி. அது எண்ணெயில் பிரிந்து தூள் தூளாக மிதந்தது. மாவு கிளறத் தெரிந்தவளுக்குச் சுடும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"என் மேல பழி போடுவியே வருஷா வருஷம், அக்கா பிச்சிட்டாங்கன்னு" என்றாள் அனெத். "தீயக் கொறை. எண்ணெய் பொகையுது பாரு."

தீயைக் குறைத்தாள். அடுத்தது உப்பி, சிவந்து மேலே வந்தது. இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து எண்ணெயை அழுத்திப் பிழிந்து தட்டில் போட்டாள். கை தன்னால் தட்டை எடுத்துக்கொண்டு சாமி படத்துப் பக்கம் திரும்பியது.

"பிள்ளத் தீட்டு அண்ணி" என்றாள் கதவோரம் நின்ற சந்திரலேகா. "படைக்கக் கூடாது."

சௌந்தரவல்லி தட்டோடு நின்றாள். இத்தனை வருஷம் காத்திருந்து சுட்டதைச் சாமி முன்னால்கூட வைக்க முடியவில்லையே என்று இருந்தது. சந்திரலேகாவின் பார்வை தட்டைவிட்டு அகலவில்லை.

"அன்னிக்கு முந்தின ராத்திரி அம்மா சுட்டுக்கிட்டிருந்துச்சு" என்றாள் அவள். "பெரியண்ணன் வந்து நின்னு, சூடா ஒண்ணே ஒண்ணு குடும்மான்னு கேட்டுச்சு. படைக்கிறதுக்கு முன்னாடி தொடக் கூடாது, காலையில குளிச்சிட்டு வந்து தின்னுன்னு அம்மா வெரட்டிடுச்சு. சரின்னு சிரிச்சிக்கிட்டே போயி படுத்துச்சு. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன், பத்து வயசு. அம்மா அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அதிரசத்த வாயில வைக்கல. நானும்தான்."

சர்க்கரை, சர்க்கரை என்று தட்டைத் தள்ளிய கையைச் சௌந்தரவல்லி நினைத்துக்கொண்டாள். மாமியாரை எத்தனை வருஷம் கறுவியிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது.

தட்டை நாத்தனாரிடம் நீட்டினாள்.

"பிடி. சூடு ஆறதுக்குள்ள தின்னு."

சந்திரலேகா வாங்கினாள். விரல் சுட்டது. கை மாற்றி, ஊதி, ஒரு விள்ளல் கடித்தாள். மென்றபடியே அழுதாள், அழுதபடியே இன்னொரு விள்ளல் கடித்தாள். அனெத் முக்காலியிலிருந்தே கையை நீட்டி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எண்ணெய்ச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த திருஞானசம்பந்தம், "அட, நம்ம வீட்டுலயா?" என்று கேட்டுவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தார்.

அடுத்த ஐப்பசியில் தீட்டு இல்லை. படையல் உண்டு. அதிரச வாசனைக்குப் பேத்தி தவழ்ந்து வந்து சமையலறை வாசலில் கையை நீட்டியது. "இருடி தங்கம், சாமிக்கு வச்சிட்டுத் தரேன்" என்று சிவப்ரியா தூக்கப் போனாள். சௌந்தரவல்லி அதற்குள் தட்டிலிருந்து ஒன்றைப் பிய்த்து, ஊதி, அந்தக் கையில் வைத்துவிட்டாள்.

"நம்ம வீட்டுல மொத அதிரசம் கேக்குறவங்களுக்கு" என்றாள். "சாமி ரெண்டாவது எடுத்துக்கட்டும்."