ஆவணிக்குக் காத்திருந்த ராஜினாமா

கோவையில் வேலை கிடைத்த சேதி ஆடி மூன்றாம் நாள் வந்தது. மனைவி அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு வயது மகளும் அவளோடுதான். நான் மாநில எல்லைக்கு அப்பால் வடகரப்பதியில் அம்மாவோடு இருந்துகொண்டு, கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவாக இருந்து சலித்துவிட்டது. செப்டம்பர் கடைசிக்குள் சேர வேண்டும் என்றார்கள். இங்கே நோட்டீஸ் இரண்டு மாதம். அன்றே எழுதிக் கொடுத்திருந்தால் பத்து நாள் மிச்சமே இருந்திருக்கும்.

"ஆடியில எதையும் தொடங்கப்படாது சாமி. ஆவணி பொறக்கட்டும்" என்றார் அம்மா.

"இது வேலைய உடறதும்மா."

"உடறதுக்கும் நல்ல நாள் வேணும்."

மேற்கொண்டு நான் வாதாடவில்லை. உள்ளுக்குள் எனக்கும் அந்தப் பயம் இருந்தது, அதுதான் உண்மை. ஆவணி முதல் நாள் கடிதத்தை நீட்டினேன். நோட்டீஸ் ஐப்பசி பிறக்கும்வரை இழுத்தது.

மேலாளர் மலையாளி, நல்ல மனிதர். ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டார். ஆடி என்றேன். சிரித்துவிட்டார். நான் போனால் தரச்சோதனையில் கையெழுத்துப் போட ஆள் இல்லை. "புதிய ஆள் வரட்டே. நோட்டீஸ் முடியலைன்னாலும் வர்ற அன்னிக்கே விடலாம்" என்றார்.

ஆவணிக் கடைசியில் என் இடத்துக்கு எலப்புள்ளி ஊர்த் தம்பி ஒருவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன்பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தொழிற்சாலை வாசலில் பைக் சத்தம் கேட்டால், அவன்தானோ என்று எட்டிப் பார்ப்பேன். மகள் போனில் "எப்ப வருவே?" என்றால் எரிந்து விழுந்தேன், பிறகு வெட்கப்பட்டேன். பத்து நாள் பொறுத்துவிட்டு நானே அவனைக் கூப்பிட்டேன்.

"எப்பங்க தம்பி வர்றீங்க?"

"புரட்டாசி முடியட்டுங்கண்ணா. ஊட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

வாய்க்கு வந்தபடி திட்டத் தோன்றியது. எந்த வாயால் திட்டுவது? "செரிங்க தம்பி" என்று போனை வைத்தேன்.

கோவைக்காரர்களிடம் மூன்று வாரம் அவகாசம் கெஞ்சிக் கேட்டேன். ஒரு வாரம் கொடுத்தார்கள். அதுவும் முடிந்ததும் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். இங்கே ராஜினாமாவைத் திரும்பப் பெறவும் வழியில்லை. என் இடம் அந்தத் தம்பிக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

ஐப்பசி முதல் நாள் காலையில் நெற்றி நிறையத் திருநீறோடு அவன் வந்தான். கையில் இனிப்புப் பெட்டி. "எடுத்துக்குங்கண்ணா" என்றான். ஒன்று எடுத்துக்கொண்டேன்.

மேலாளர் சொன்ன சொல் தவறவில்லை. அன்றைக்கே என்னை விட்டுவிட்டார்.