கால் அங்குல உயரம்

சி.ஐ.டி. என்று சொன்னால்தான் பொதுப்பணித் துறையில் அந்தத் தச்சரைத் தெரியும். மரக்கடையில் அளந்து வாங்கிய பலகையைக் கடை வாசலிலேயே மறுபடி அளப்பார். பட்டறைக்கு வந்து மூன்றாம் முறை அளப்பார். எதிர்நாட்டில் போர்க்கைதியாகக் கிடந்த மகனிடமிருந்து பதினோரு மாதத்தில் வந்தது ஒரே ஒரு கடிதம். அதையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இது அவன் எழுத்துதானா?" என்று கேட்டு மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். காலமெல்லாம் பள்ளிக்கூட பெஞ்சு செய்த மனிதரைச் சண்டை வந்ததும் சவப்பெட்டி செய்யச் சொன்னார்கள். அதற்கப்புறம் யார்மேல் நம்பிக்கை வரும், சொல்லுங்கள்!

ஒருவழியாகச் சண்டை ஓய்ந்தது. எல்லையிலிருந்த பழைய சுங்கச்சாவடியில் சமாதானப் பேச்சு என்று முடிவானது. கூடத்தின் நடுவே மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஏழு நாற்காலி, அந்தப் பக்கம் ஏழு. யாரும் யாரையும்விட மயிரிழை உயரமாக உட்காரக் கூடாதாம். இரு தரப்புத் தச்சர்களும் சேர்ந்து அளந்து கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாள் முதல் வேலை, விடுதலையாகும் கைதிகளின் பட்டியல். அதில் மகன் பெயர் இருப்பதாக ஒரு குமாஸ்தா காதில் போட்டிருந்தார்.

எதிர்த்தரப்புத் தச்சர் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத ஆள். அதுவே சி.ஐ.டி.க்குப் பிடிக்கவில்லை. அளந்தார்கள், எல்லாம் சரி, கையெழுத்தும் ஆயிற்று. சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால், கண்ணாடிக்காரர் பசைப் புட்டியோடு கூடத்திலிருந்து தனியாக வெளியே வருகிறார்! இவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. உடனே அந்தப் பக்கத்து ஏழு நாற்காலியையும் அளந்தார். அளவு மாறவில்லை.

'இப்ப சரியாத்தான் இருக்கும். காலையில ஏத்திடுவான்' என்று முடிவே கட்டிவிட்டார். காவலரிடம் வார்னிஷ் பூச வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி, நம் பக்கத்து நாற்காலிக் கால்கள் இருபத்தெட்டுக்கும் அடியில் கால் அங்குலக் கட்டை ஒட்டினார். கையெழுத்துதான் ஆகிவிட்டதே, இனி எவன் அளக்கப்போகிறான் என்ற தைரியம்.

மறுநாள் காலை எதிர்த்தரப்புச் செயலாளர் உட்கார்ந்த மாத்திரத்தில் எதிரே எல்லாரும் உயரமாகத் தெரியவே எழுந்து, அளவு நாடா கேட்டார். நம் பக்கத்து நாற்காலி ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்ததும் கூடம் இரண்டுபட்டது.

"எங்களை மாட்டிவிட நீங்களே ஒட்டியிருக்கீங்க! உங்க ஆள் நேத்து பசையோட தனியா நின்னதைக் காவலர் பார்த்திருக்கார்" என்று நம் அதிகாரி பாய்ந்தார்.

கண்ணாடிக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "உங்க பக்கம் ஒரு நாற்காலி ஆடிச்சு சார். ஓரத்து நாற்காலி. அதுக்குத்தான் பசை போட்டேன்" என்றார். யார் நம்புவார்கள்? எதிர்த்தரப்பு கோப்புகளைக் கட்ட ஆரம்பித்தது. கைதிகள் பட்டியலும் ஒரு கட்டுக்குள் போனது.

சி.ஐ.டி. ஓரத்து நாற்காலியை அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை. கண்ணாடிக்காரர் சொன்னது நிஜம்தான். அதிகாரியைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், அது என் வேலை" என்றார்.

அதிகாரி ஏற இறங்கப் பார்த்தார். "உங்க பையன் அவங்ககிட்டதானே இருக்கான்? இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல சார்!"

"தலைநகருக்குத் தகவல் போயாச்சு. வாயை மூடிட்டு வீட்டுக்குப் போங்க."

போயிருக்கலாம். வேலையும் தப்பியிருக்கும். ஆனால் அந்தக் கட்டோடு மகனும் போய்விடுவானே! அவர் மஞ்சள் கோட்டைத் தாண்டி நேராக எதிர்த்தரப்புச் செயலாளரிடம் போய் நின்றார்.

"கட்டை வெச்சது நான்தாங்க."

"உங்களை யார் அனுப்பினது?" என்று அவரும் கேட்டார்.

"யாரும் அனுப்பலைங்க. என் பையன் உங்க ஜெயில்ல இருக்கான். எனக்கு யாரையுமே நம்பத் தெரியல, அதான் பண்ணிட்டேன்."

எல்லார் முன்னாலும் மண்டியிட்டு உளியால் இருபத்தெட்டுக் கட்டையையும் பெயர்த்தார். வெட்கத்தில் கண் கலங்கியது. கண்ணாடிக்காரர் கூடவே நாற்காலிகளைக் கவிழ்த்துக் கொடுத்தார். மறுபடி அளந்தார்கள். செயலாளர் முனகிக்கொண்டே உட்கார்ந்தார். இவரைக் காவலர் வாசல் வரை கொண்டுவிட்டார். வேலையிலிருந்து நீக்கிய தாள் பின்னாலேயே வந்தது.

பட்டப்பகலில் வந்து நின்ற கணவனைக் கண்டதும் மனைவிக்குப் பதறியது. "அவனுக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. பட்டியலை இப்பதான் வாசிக்கிறாங்க. எனக்குத்தான் வேலை போச்சு" என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னார்.

"வேலைதானே, போகட்டும்" என்று முதலில் சொன்னவளுக்கு, கட்டை ஒட்டிய கதையைக் கேட்டதும் ஆத்திரம் பொங்கியது. அவளுக்கு வந்த கோபத்துக்கு அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை.

"அவன் வந்ததும் இதை நீங்களே அவன்கிட்ட சொல்லுங்க" என்றாள். "நான் சொல்ல மாட்டேன்."