அரிசி நிறைஞ்சிருக்கு சார்

வாத்தியாராக இருந்துகொண்டே மறுபடி மாணவராகிற அவதி, பட்டவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும். இராமநாதபுரத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் கேட்டரிங் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். பதினெட்டு வருஷ சர்வீஸுக்குப் பிறகு, பிள்ளைகளை வேலைக்குத் தயார் செய்கிற மாதிரி பாடத்தை வடிவமைப்பது எப்படி என்று ஒரு மேல்படிப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமையானால் மதுரை பஸ்.

தலையாட்டல்

முதல் பயிற்சியில், ‘மாணவர் சரக்கறை இருப்பு பார்ப்பதைப் புரிந்துகொள்வார்’ என்று பாட நோக்கம் எழுதினேன். என்னைவிடப் பத்து வயது சின்னவரான வழிகாட்டி, கடைசி வார்த்தையைச் சிவப்பில் அடித்துவிட்டார். பிள்ளைகள் தலையாட்டினால் அடுத்த பாடத்துக்குப் போவதுதான் இத்தனை வருஷமாக என் வழக்கம். அதை அவரிடம் சொல்லியும் தொலைத்தேன்.

“மேடம், எங்க வீட்டு மாடுகூட நல்லா தலையாட்டும்.”

பதினோராவது படி

ரோஷம் வந்து பாடத்தைப் பதினொரு படிகளாக உடைத்தேன். மூட்டையைத் திறந்து பார், எடை போடு, சீட்டில் எழுது, கடைசியாக மேலாளரிடம் வாயால் சொல். செய்து பார்க்க என் மாணவி முத்துமாரியைத் தேர்ந்தெடுத்தேன். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம். ராமேஸ்வரத்தில் ஒரு ஹோட்டலில் அவளுக்கு ஒரு மாதச் சோதனை. தேறினால் வேலை, இல்லாவிட்டால் திரும்ப மிளகாய்க் காடு. அவள் தேறினால்தான் என் செய்முறைக்கும் மார்க். படியெல்லாம் புரிகிறதா என்று கேட்டேன்.

“பத்து படியும் செஞ்சிருவேன் டீச்சர். வாயால சொல்லுறதுதான் பயமா இருக்கு.”

வெள்ளிக்கிழமை

மூன்றாவது வாரம் மேலாளரே போன் செய்தார். சென்னைக்காரர். காலையில் “அரிசி எப்படி இருக்கு?” என்று கேட்டிருக்கிறார். “நிறைஞ்சிருக்கு சார்” என்றிருக்கிறாள். மத்தியானம் ஒரு பஸ் நிறைய யாத்ரீகர்கள் வந்து உட்கார்ந்த பிறகு பார்த்தால் டிரம் காலி. எங்கள் பக்கம் அரிசி, உப்பை ‘இல்லை’ என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். தீர்ந்துவிட்டால் ‘நிறைஞ்சிருக்கு’ என்போம். வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். அதை விளக்க அவர் எனக்கு இடம் கொடுக்கவில்லை.

“வாய் கூசாம பொய் சொல்ற பொண்ணு வேணாம் டீச்சர், வந்து கூட்டிட்டுப் போயிடுங்க.”

சீட்டு

மறுநாள் மதுரை பஸ்ஸை விட்டுவிட்டு ராமேஸ்வரம் பஸ் ஏறினேன். முத்துமாரி முகம் வீங்கி, பையோடு சரக்கறை வாசலில் நின்றாள். எனக்கு என் மேலேயே கோபம். ஆணியில் குத்தியிருந்த நேற்றைய சீட்டை உருவிப் பார்த்தேன். அரிசிக்கு நேரே, அவள் கையெழுத்தில், கொழுகொழுவென்று ஒரு பூஜ்யம். அதை மேலாளரிடம் நீட்டினேன்.

“சார், அவ சரியாத்தான் எழுதியிருக்கா. சொன்னது எங்க ஊரு வார்த்தை. அதை யோசிக்காம விட்டது என் பாடத்தோட தப்பு” என்று விஷயத்தை விளக்கினேன். அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு அவளிடம், “சரி, உப்பு எப்படி இருக்கு?” என்றார். “நிறைஞ்சி...” என்று ஆரம்பித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, “இல்ல சார்!” என்று கத்தினாள். அடுப்படியே திரும்பிப் பார்த்தது. மேலாளர் சிரித்துவிட்டார்.

“பையை உள்ள வைம்மா. இனிமே நான் சீட்டைப் படிக்கிறேன், நீ கண்ணைத் திறந்துகிட்டே சொல்லு.”

‘இல்லாததை இல்லை என்றே சொல்’ என்று பன்னிரண்டாவது படியைச் சேர்த்து நான் அந்தப் படிப்பில் தேறிவிட்டேன் என்றாலும், என் வீட்டு அரிசி டப்பா இன்று காலையும் நிறைந்துதான் இருந்தது.