ஆயுத பூஜைக்கு மறுநாள் பாடத் தொடங்கிய வண்டி

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு என் மின்சார ஸ்கூட்டரைக் கழுவ ஒரு வாளித் தண்ணீரே போதுமாக இருந்தது. சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நசுக்கினேன். எல்லாம் முறைப்படிதான். ஆனாலும் என்னவோ குறைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய பைக்கை டீசலும் பிரஷ்ஷுமாகத் தேய்க்க உட்கார்ந்தபோதுதான் அது என்னவென்று பிடிபட்டது. டீசலும் சந்தனமும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறினால் போதும், எனக்கு இருபத்திரண்டு வயதாகிவிடும். நைனாவின் வண்டியும் கூடவே பாட ஆரம்பித்துவிடும். நைனா என்றால் என் அப்பா. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், டேபிள் ஃபேனுக்கு மோட்டார் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தேன். முதல் ஷிப்ட். கம்பெனி பஸ் நெடுஞ்சாலையோடு போய்விடும், எங்கள் ஊருக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. விடிவதற்கு முன் ஏரிக்கரை இருட்டில் நடந்து போய் பஸ் பிடிக்கிறேன் என்றால் எந்த வீட்டில் விடுவார்கள்? முட்டி தேய்ந்து மில் வேலையை விட்ட நைனாவின் பைக் வாசலில் சும்மா நின்றது. எடுத்துக்கொண்டேன். பெண்பிள்ளை கியர் வண்டி ஓட்டுகிறாள் என்று தெருவே வாயைப் பிளந்தது. பிளக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வாயைப் பிளந்தவர்களே பிறகு ஸ்டேஷனில் இறக்கிவிடச் சொல்லிப் பின்னால் ஏறிக்கொண்டார்கள்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவியது நைனா. கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு குளியல் நடந்திருக்காது. சூடு தணிவதற்காக எஞ்சினைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரி தகடுகள் அடுக்கடுக்காக இருக்குமே, அந்த இடுக்கையெல்லாம் ஸ்க்ரூ டிரைவர் விட்டுக் குடைந்து, டீசலில் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். நானும் பூரித்துப்போய் மறுநாள் வேலைக்குக் கிளம்பினேன். ஏரிக்கரையில் ஆக்சிலரேட்டரை முறுக்கியதும் 'கிண்ண்ண்' என்று ஒரு சத்தம். வெண்கலச் சொம்பைச் சுண்டிவிட்ட மாதிரி. மெதுவாகப் போனால் இல்லை, வேகம் பிடித்தால் வந்துவிடும்.

கவரைப்பேட்டை மெக்கானிக் டேவிட் அண்ணன் நல்ல மனுஷன். ஓட்டிப் பார்த்துவிட்டு, டைமிங் செயினாக இருக்கலாம், எஞ்சினைப் பிரித்தால்தான் தெரியும், பிரித்த பிறகு இன்னும் என்னென்ன கிளம்புமோ என்றார். உள்ளதைத்தான் சொன்னார் பாவம். நைனாவுக்கு அது போதுமாக இருந்தது.

"ஏரிக்கர இருட்டுல வண்டி நின்னுக்கினா நீ இன்னாம்மா பண்ணுவ? குட்த்துடலாம். வேலய அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

அப்பறம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? அப்பறம் என்றால் கல்யாணம். பழைய வண்டி வாங்கும் புரோக்கர் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு முடிந்துவிட்டது. வண்டி போனால் வேலை போகும். அந்த வேலையை நான் உயிராக நினைத்தேன். லைனின் கடைசியில் ஒரு கண்ணாடி அறை. வரும் மோட்டாரையெல்லாம் ஓடவிட்டு, காது கொடுத்துக் கேட்டு, நல்லது இந்தப் பக்கம், சத்தம் போடுவது அந்தப் பக்கம் என்று பிரிக்க வேண்டும். நான் தள்ளி வைத்தால் தள்ளி வைத்ததுதான். வீட்டில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை, அங்கே சூப்பர்வைசரே கேட்பார்.

சனிக்கிழமை கேன்டீனில் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். எதிரில் மேரி. அத்திப்பட்டுக்காரி, அதே அறையில் எனக்குப் பக்கத்து மேஜை. புளிசாதத்தை மென்றுகொண்டே கேட்டாள்.

"கை வெச்சுப் பாத்தியா?"

எங்கள் அறையின் பாலபாடமே அதுதான். மோட்டார் சத்தம் போட்டால் முதலில் மேல் மூடியைக் கையால் அழுத்த வேண்டும். அடங்கினால் மூடிதான் அதிர்கிறது, உள்ளே பழுதில்லை. அடங்காவிட்டால்தான் உள்ளே பேரிங் கோளாறு. நாள் முழுக்க யார் யார் வீட்டு ஃபேனுக்கோ கை வைத்துப் பார்க்கிறவளுக்கு, தன் வண்டிக்குக் கை வைக்கத் தோன்றவில்லை. என் மண்டையில் நானே குட்டிக்கொண்டேன்.

ஞாயிறு காலை, எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினேன். சாக்கை நனைத்து மடித்து இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையால் ஆக்சிலரேட்டரை முறுக்கினேன். கிண்ண்ண். தகடுகளின்மேல் சாக்கை அழுத்தினேன். சத்தம் செத்தது. எடுத்தேன், வந்தது. அழுத்தினேன், போனது. நான் போட்ட கூச்சலில் அம்மா தோசைக் கரண்டியோடு ஓடி வந்தாள்.

எஞ்சினுக்குள் ஒன்றுமில்லை, தகடுதான் அதிர்கிறது. சரி, இத்தனை வருடம் அதிராதது இப்போது ஏன்? பின்தெருவில் இதே மாதிரி வண்டி ஒன்று இருந்தது. ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். தகடுகளுக்கு நடுவே கறுப்பாகச் சின்னச் சின்ன ரப்பர் துண்டுகள் செருகியிருந்தன. எங்கள் வண்டியில் அந்த இடமெல்லாம் பளிச்சென்று வெறுமையாக இருந்தது.

நைனாவிடம் கேட்டேன். அவர் நிதானமாக எழுந்து போய், ஆணியும் நட்டும் போட்டுவைக்கும் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார்.

"இதுவா? அழுக்கு மாரி ஒட்டிக்கினு இருந்துச்சு, நோண்டி எட்த்துட்டேன். எதுக்குனா ஆவும்னு வெச்சிக்கினேன்."

எதையும் தூக்கிப் போடாத அந்தக் கைக்குக் கோயில் கட்டலாம். குடைந்த வேகத்தில் இரண்டு துண்டுகள் மட்டும் பிய்ந்துபோயிருந்தன. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளுக்கு மிதியடி, கம்பெனியில் கழித்துப்போட்ட ரப்பர் கன்வேயர் பெல்ட்தான். எங்கள் வாசல் மிதியடியின் ஓரத்தை நைனாவே வெட்டிக் கொடுத்தார். எல்லாவற்றையும் தட்டிச் செருகினேன். முறுக்கினேன். அடடா! பழையபடி கும்மென்று ஒரே சீரான சத்தம். டேவிட் அண்ணன் கடை முன்னால் வேண்டுமென்றே போயும் வந்தும் ஓட்டிக் காட்டினேன். அவர் வாசலுக்கு வந்து கேட்டார், விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மத்தியானம் புரோக்கர் வந்தார். வண்டியைக் கிளப்பிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது, பேசியதற்கு மேலேயே போட்டுத் தருகிறேன் என்றார். நைனா சாவியை அவர் கையிலிருந்து வாங்கி என்னிடம் நீட்டினார்.

"விக்கல சார். என் பொண்ணு ஓட்டிக்கினு கீறா."

அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து திரும்பும்போது தெருமுனைப் பாலக்கட்டையில் நைனா உட்கார்ந்திருந்தார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் எதற்கு நடந்து வந்தீர்கள் என்று சத்தம் போட்டேன்.

"அந்தச் சத்தம் இருந்தப்ப நீ ரயில்வே கேட்டாண்ட வர்றப்பவே ஊட்டுக்குள்ள கேக்கும். இப்ப நீ வர்றது எனக்கு எப்டி தெரியும்?"

அதற்குப் பிறகு நான் அந்த வேலையில் இருந்தவரை, அவர் இருந்தவரை, தினமும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.

இப்போது எங்கள் கண்ணாடி அறையில் மெஷின்தான் காது வைத்துக் கேட்கிறதாம். அந்த வண்டியும் போய்விட்டது. என் ஸ்கூட்டர் துளிச் சத்தம் இல்லாமல் ஓடுகிறது. பூஜை முடிந்து சாயங்காலம் அதில் ஊருக்குப் போனேன். தெருமுனையில் கை தானாகவே பிரேக்கைப் பிடித்தது. பாலத்தை அகலப்படுத்திவிட்டார்கள். உட்காரக் கட்டை இல்லை.