கூரியர் என்று சொல்லிப் போனேன்

நானெல்லாம் எழுத வந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேரிடம் பேசவே கூச்சப்படுகிற ஆள் நான். அதனால்தான் கடலூரில் வீட்டிலேயே இறால் தொக்கு செய்து, மனைவி பெயரில் ஆன்லைனில் விற்க ஆரம்பித்தேன்.

சிதம்பரத்து அம்மா ஒருவர், பாட்டில் ஒழுகியதாகக் கடையின் இணையப் பக்கத்தில் எழுதிவிட்டார். அதன்பின் ஆர்டரே இல்லை. கடையை மூடுவதற்கு முன் அவருக்காவது நல்ல பாட்டில் கொடுத்துவிடலாம் என்று பஸ் ஏறினேன். அவர் வாசலில் நின்று, "கூரியர்" என்று நீட்டினேன். அந்த அம்மாவே வந்து வாங்கிக்கொண்டார்.

"இருங்க. தொக்கு செய்யுற அந்தம்மாகிட்ட சொல்லுங்க, எண்ணெய்தான் ஒழுகுச்சு, ருசி பிரமாதம். மிச்சத்துக்கு எங்க வீட்டுல ஒரே சண்டை. ஆனா உப்பு ஜாஸ்தி."

என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது. "உப்பு கம்மி பண்ணா கெட்டுப்பூடும்மா. அளந்துதான் போடுறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அட கடவுளே! அந்தம்மா நீங்கதானா?" என்று சிரித்தவர், உள்ளே திரும்பிக் கத்தினார். "ஏங்க, எறா தொக்கு ஆம்பள செஞ்சதாம், வந்து பாருங்க!"

ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். நான் செய்ததை நான்தான் செய்தேன் என்று சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் மூடி நன்றாக இறுகும் பாட்டில்கள் வாங்கி வந்தேன்.